துப்பாக்கியை வைத்த கைகளுக்கு



சென்ற மாதம் மரியாயின் சேனைக் கூட்டம் முடிந்து, அனைவரும் செபமாலையை மடித்து வைக்கும் வேளையில், நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் தொழிலாளி. குமரிப் பகுதி மக்கள் அதனை 'அண்டி ஆபீஸ்' என்றே அழைப்பர். முப்பது ஆண்டுகளாகக் கொட்டையின் எண்ணெய் பட்டு அவருடைய விரல்கள் கறுத்துப் போயிருக்கின்றன. நற்கருணை வாங்க நீட்டப்படும் அக்கைகளை நாம் ஞாயிறுதோறும் காண்கிறோம்.

"சாமி, எங்கள் ஆபீசுக்கு வரும் சாக்கில் மொசாம்பிக் என்று எழுதியிருப்பதாக என் மகள் படித்துச் சொன்னாள். அது எந்த ஊர்?" என்றார் அவர்.

அது ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் உள்ள ஒரு நாடு என்றும், நம் புனித சவேரியார் 1541-ஆம் ஆண்டு லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வரும் வழியில், காற்றுக்காகக் காத்து ஏறத்தாழ ஆறு மாதம் தங்கி, கப்பலில் நோயுற்றவர்களுக்குப் பணிவிடை செய்த மண் அது என்றும் கூறினோம். கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. அங்கே 16 ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்து 1992-இல் ஓய்ந்தது என்பதையும் சொன்னோம். அந்தத் தாய் சற்றே யோசித்துவிட்டு மீண்டும் கேட்டார்:

"சண்டை முடிந்ததும் அந்தத் துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் எங்கே போனார்கள் சாமி? அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள்?"

அன்று நாம் அரைகுறையாக ஏதோ விடை கூறி அனுப்பினோம். ஆனால் அக்கேள்வி நம்மை விடவில்லை. போர்களைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் பலரும் கேட்க மறக்கும் கேள்வி அதுவே அன்றோ? ஆகவே இம்மாதம் அதற்கு முறையாக விடை கூற முயல்வோம்.

மொசாம்பிக் 1975-ஆம் ஆண்டு சூன் 25 அன்று போர்த்துக்கீசியரிடமிருந்து விடுதலை பெற்றது. ஈராண்டுகள் கடப்பதற்குள் ஆட்சியிலிருந்த பிரெலிமோ கட்சிக்கும் ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படைக்கும் இடையே போர் மூண்டது. ரெனாமோவுக்கு முதலில் அன்றைய ரொடீசியாவின் வெள்ளையர் அரசும், பின்னர் இனவெறி கொண்டிருந்த தென்னாப்பிரிக்க அரசும் துணை நின்றன. பள்ளிக்கூடங்களும் மருத்துவ நிலையங்களும் எரிக்கப்பட்டன. சிறுவர்கள் கடத்தப்பட்டுக் கைகளில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. குண்டுக்கு இரையானோரைவிடப் பசிக்கும் பிணிக்கும் இரையானோரே மிகுதி. மொத்தத்தில் ஏறத்தாழ 10 லட்சம் உயிர்கள் மாய்ந்தன. 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி அண்டை நாடுகளில் தஞ்சம் புகுந்தனர்.

இப்போரை முடித்து வைத்த சமாதானப் பேச்சு உரோமை நகரில் ஒரு பழைய துறவு மடத்தில் நடைபெற்றது. சாந்த் எஜிதியோ என்பது 1968-இல் அந்திரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவர் தம் தோழர்களுடன் தொடங்கிய பொதுநிலையினர் குழுமம். செபமும் ஏழைகளின் நட்புமே அதன் முதல். 1990 சூலை முதல் 27 மாதங்கள் இரு தரப்பாரையும் அக்குழுமத்தார் தம் இல்லத்தில் எதிரெதிரே அமர வைத்தனர். ரிக்கார்தி, பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த மத்தேயோ சூப்பி என்ற இளங்குரு, மொசாம்பிக் நாட்டு பெய்ரா நகரின் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரபாயெல்லி ஆகிய நால்வரும் நடுநின்றனர். 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று, அசிசி நகர் புனித பிரான்சிஸ்குவின் திருநாளில், குடியரசுத் தலைவர் சிசானோவும் ரெனாமோ தலைவர் தலகாமாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

இதுவரை நடந்தது நாளிதழ்களில் வந்தது. நமது தாய் கேட்ட கேள்வி இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

மொசாம்பிக்கைப் போலவே அங்கோலாவும் போர்த்துக்கீசியர் ஆண்ட நாடு. அதுவும் நெடுங்காலம் உள்நாட்டுப் போரில் உழன்றது. அங்கே 1991-இல் உடன்படிக்கை ஆயிற்று. 1992 செப்டம்பரில் தேர்தலும் நடைபெற்றது. ஆனால் போர்வீரர்களின் கையில் துப்பாக்கி அப்படியே இருந்தது. அவர்களைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பும் வேலை முடியவில்லை. மேற்பார்வைக்கு ஐ. நா. சபை அனுப்பிய ஆட்களும் மிகச் சிலரே. தேர்தலில் தோற்ற தரப்பு மீண்டும் போருக்குத் திரும்பிற்று. அந்நாடு மேலும் பத்தாண்டுகள் எரிந்தது.

இந்தப் பாடத்தை ஐ. நா. சபை மறக்கவில்லை. 1992 டிசம்பரில் மொசாம்பிக்குக்கென ஓர் அமைதிப் பணிக்குழுவை ஏற்படுத்தி, இத்தாலியரான ஆல்டோ அயெல்லோவை அதன் தலைவராக்கிற்று. பல நாடுகளிலிருந்து 6,000-க்கும் மேற்பட்ட படையினர் சென்றனர். நம் இந்தியப் படையின் பொறியாளர்களும் அவர்களுள் இருந்தனர். முதலில் வீரர் கலைப்பு, பின்னரே தேர்தல் என்று உறுதி செய்து, 1993-இல் நடக்க வேண்டிய தேர்தலை ஓராண்டு தள்ளி வைத்தனர்.

இரு தரப்பு வீரர்களும் நாடெங்கும் 49 முகாம்களில் கூட்டப்பட்டனர். அங்கே ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உணவு பற்றாமலும் சம்பளம் வராமலும் 1994-இல் பல முகாம்களில் கலகம் மூண்டது. அவர்கள் கேட்டது என்ன? இன்னும் போரிட வேண்டும் என்பதன்று. எங்களை வீட்டுக்கு அனுப்புங்கள் என்பதே. புதிய தேசியப் படைக்கு 30,000 பேரைச் சேர்ப்பது என்று திட்டமிடப்பட்டிருந்தும் ஏறத்தாழ 12,000 பேரே சேர முன்வந்தனர். ஏனையோருக்குப் போர் போதும் என்றாகிவிட்டது.

இவ்வாறு வீடு திரும்பிய வீரர் ஏறத்தாழ 90,000 பேர். அவர்களுக்கு ஈராண்டுகளுக்கு உதவிப்பணம் தருவது என்று முடிவாயிற்று. முதல் ஆறு மாதத்துக்கு அரசு முறைப்படியும், அடுத்த 18 மாதத்துக்கு வெளிநாடுகளின் நன்கொடையிலிருந்தும் அது வழங்கப்பட்டது. பணத்தை ஒரே தடவையில் கையில் கொடுத்து அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஊருக்குப் போகிறேன் என்று வீரர் சொன்னாரோ, அந்த ஊருக்கு அண்மையிலுள்ள வங்கிக் கிளையில் தவணை தவணையாகப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தனர். இதனால் தலைநகரில் கூட்டம் சேரவில்லை. அவரவரும் தத்தம் ஊருக்கே போயினர். நேற்றுவரை துப்பாக்கியோடு வந்து தானியத்தைப் பறித்தவன், இன்று வெறுங்கையோடு வந்து ஊர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினான். ஊரார் அவனை ஏற்றுக்கொள்ள இதுவும் ஒரு வழியாயிற்று.

அகதிகளும் திரும்பினர். 1996-க்குள் ஏறத்தாழ 17 லட்சம் மக்கள் ஆறு நாடுகளிலிருந்து ஊர் வந்து சேர்ந்தனர். ஐ. நா. அகதிகள் ஆணையம் அவர்களுக்கு விதையும் மண்வெட்டியும் தந்தது. கிணறு தோண்டிப் பள்ளி கட்டியது. ஆனால் நிலத்தில் கால் வைக்க அச்சம். கண்ணிவெடிகள் எங்கே புதைந்துள்ளன என்பதை எவரும் அறியார். 1993-இல் தொடங்கி, மண்ணை முழம் முழமாகச் சோதித்து, 2015 செப்டம்பர் 17 அன்றுதான் மொசாம்பிக் கண்ணிவெடியற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. கையொப்பம் இடுவதற்கு ஒரு நாள். புதைத்ததைத் தோண்டி எடுக்க 22 ஆண்டுகள்!

ஒப்படைக்கப்படாமல் காடுகளிலும் வீடுகளிலும் மறைத்து வைக்கப்பட்ட துப்பாக்கிகளும் ஏராளம். 1995-இல் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே அவர்களின் தூண்டுதலால் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகளின் மன்றம் ஒரு திட்டம் தொடங்கிற்று. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தையல் இயந்திரமோ சைக்கிளோ மண்வெட்டியோ கூரைத் தகடோ கிடைக்கும். யாரிடமிருந்து, எப்படி வந்தது என்ற விசாரணை இல்லை. அறுத்துத் துண்டாக்கப்பட்ட அந்த ஆயுதங்களைக் கொண்டு அந்நாட்டுக் கலைஞர்கள் செய்த நாற்காலியும் மரமும் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இசையாஸ் இறைவாக்கினர் கண்ட காட்சியை நம் காலத்தில் கண்ணால் கண்டவர்கள் அம்மக்கள்.

இங்கே நேர்மையாக ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும். கொன்றவனுக்கு ஈராண்டுச் சம்பளம். கொல்லப்பட்டவனின் கைம்பெண்ணுக்கு என்ன? அவளுக்கு மாதந்தோறும் எந்த வங்கியிலும் பணம் காத்திருக்கவில்லை. அதுமட்டுமன்று, ரெனாமோவை அரசியல் கட்சியாக மாற்றுவதற்கென்றே ஒரு நிதி திரட்டப்பட்டது. அதில் பெரும்பங்கை இத்தாலி கொடுத்தது. கிளர்ச்சித் தலைவர்களுக்கு வீடும் வாகனமும் அலுவலகமும் கிடைத்தன. இது நீதியா என்று அன்றே பலர் கேட்டனர். ஊதாரி மைந்தன் உவமையில் மூத்தவன் வாசலிலே நின்று கேட்ட கேள்வியும் இதுதான். அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று எவரும் கூற இயலாது. ஆயினும் கொழுத்த கன்று அடிக்கப்படாதிருந்தால் இளையவன் மறுபடியும் பன்றித் தொழுவத்துக்கே போயிருப்பான். அவனோடு வீட்டின் நிம்மதியும் போயிருக்கும். 1994 அக்டோபரில் தேர்தல் நடந்தது. வாக்குப்பதிவுக்கு முந்திய இரவில் விலகப் போவதாகச் சொன்ன தலகாமா, பிற நாட்டாரின் வற்புறுத்தலால் மனம் மாறினார். சிசானோ வென்றார். தோற்ற தரப்பு 250 இடங்களில் 112 இடங்களோடு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக அமர்ந்தது. அங்கோலாவைப் போல் காட்டுக்குத் திரும்பவில்லை. கைம்பெண்ணின் வழக்கு இன்னும் ஆண்டவர் திருமுன் நிற்கிறது. ஆனால் அவளுடைய மகன் உயிரோடு இருக்கிறான்.

இனி, நம்மைத் தொடும் பகுதிக்கு வருவோம்.

முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து நம் கரைக்கும் மொசாம்பிக் கரைக்கும் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியரே. 1970-களின் தொடக்கத்தில் உலகில் மிகுதியாக முந்திரி விளைவித்த நாடு மொசாம்பிக். கொட்டையை அப்படியே விற்காமல் தன் ஆலைகளிலேயே உடைத்துப் பருப்பாக விற்க வேண்டும் என்று அந்நாடு 1978-இல் கொட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. போர் வந்து தோப்புகளையும் தொழிலையும் நலித்தது. போர் ஓய்ந்தபின் ஆலைகள் மீண்டும் நிமிரத் தொடங்கின. அவற்றில் ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தனர். அவர்களுள் பெண்கள் பலர்.

அவ்வேளையில் உலக வங்கி கடனுதவிக்கு ஒரு நிபந்தனை விதித்தது. கொட்டை ஏற்றுமதியின் மீதுள்ள வரியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; அப்போது விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அதன் கணக்கு. நோக்கம் தீயதன்று, கணக்குத்தான் பொய்த்தது. 1995 முதல் வரி குறைந்தது. கொட்டை கப்பலேறியது. பின்னாளில் பொருளாதார அறிஞர் மூவர் ஆராய்ந்து பார்த்தபோது, விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டு முழுவதற்கும் கூடுதலாகக் கிடைத்தது சராசரியாக 5 டாலர் அளவே என்று கண்டனர். நடுவிலிருந்த வணிகர்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டனர். 2001-க்குள் ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஒரு கை உதவிப்பணம் கொடுத்து வீரனை ஊருக்கு அனுப்ப, மறு கை அவ்வூர்ப் பெண்ணின் வேலையைப் பறித்தது.

அந்தக் கொட்டை எங்கே வந்தது? ஏறத்தாழ முழுவதும் நம் இந்தியாவுக்கே வந்தது. கொல்லத்திலும் குமரியிலும் உள்ள ஆலைகள் அயல்நாட்டுக் கொட்டையை நம்பியே நாள் முழுதும் நடப்பவை. அதைச் சொல்லி நமது தாயைக் குற்றவாளி ஆக்குவது நம் எண்ணமன்று. சாக்கு எங்கிருந்து வருகிறது என்று தீர்மானிப்பவர் அவரல்லர். அவருக்குக் கிடைப்பது அன்றாடக் கூலியே. ஆனால் தொலைவிலுள்ள நாட்டின் சமாதானத்துக்கும் நமது வீட்டு அடுப்புக்கும் தொடர்பே இல்லை என்று நாம் இனிச் சொல்ல முடியாது.

1999-இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் அந்த வரியை மீண்டும் உயர்த்திற்று. பின்னர் சிறு சிறு ஆலைகள் ஆங்காங்கே தோன்றின. எனினும், இழந்த ஆண்டுகள் திரும்புவதில்லை.

துப்பாக்கியை வைத்தவர்களின் கதை முற்றும் இன்பமாக முடிந்தது என்றும் எழுத இயலவில்லை. ஈராண்டுப் பணம் தீர்ந்தது. ரெனாமோவின் பழைய வீரர்கள் பலருக்கு ஓய்வூதியம் இல்லை. தலகாமாவைச் சுற்றி ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் எஞ்சியே இருந்தது. உடன்படிக்கைக்கு 21 ஆண்டுகள் கழித்து, 2013-இல் மீண்டும் துப்பாக்கி வெடித்தது. 2018-இல் தலகாமா இறந்தார். 2019 ஆகஸ்டு 6 அன்று மற்றோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுக்குச் சென்று சமாதானத்தை உறுதிப்படுத்தினார். இம்முறை எஞ்சியிருந்த 5,221 வீரர்களையும் கலைத்து, ஓய்வூதியத்துக்கும் வழி செய்யும் வேலை ஐ. நா. செயலரின் தூதரது துணையோடு நடந்தது. ரெனாமோவின் கடைசி முகாம் 2023 சூனில் மூடப்பட்டது. முதல் கையொப்பத்துக்கும் கடைசி முகாமுக்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல்! இதனிடையே வடகோடியில் உள்ள காபோ தெல்காதோ மாநிலத்தில் 2017 அக்டோபரில் வேறொரு கொடிய கிளர்ச்சி தோன்றிற்று. கடலடியில் எரிவாயு கண்டெடுக்கப்பட்ட அம்மாநிலத்தில் இளைஞர்களுக்கு வேலை இல்லை. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. வெறுங்கையும் அவற்றுள் ஒன்று.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பிற நாடுகள் ஒரு நாட்டுக்குச் செய்யும் உதவி, அவை கொட்டும் பணத்தின் அளவால் பயன் தருவதில்லை. துப்பாக்கியை வைத்த கைக்கு மறுநாள் என்ன கிடைக்கிறது என்று பொறுமையோடு பார்த்தவர்கள் சமாதானம் செய்தார்கள். அதைப் பார்க்காமல் தம் கணக்கை மட்டும் பார்த்தவர்கள், நல்ல எண்ணத்தோடேயே தீங்கு செய்தார்கள்.

இதனை எழுதும்போது நமது பிழை ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. முன்பு நாம் பணிபுரிந்த பங்கில் அண்ணன் தம்பி இருவருக்குள் கிணற்றுத் தகராறு முற்றி அடிதடியாயிற்று. அண்ணனின் வாழைகள் வெட்டப்பட்டன. தம்பியின் மோட்டார் உடைக்கப்பட்டது. இருவரையும் பங்கு இல்லத்துக்கு அழைத்துப் பேசிக் கட்டித் தழுவ வைத்தோம். இரு குடும்பத்துக்கும் தேநீர் கொடுத்து ஆசீர் வழங்கினோம். அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம். கோடை வந்தது. மோட்டாரைச் சரி செய்யத் தம்பியிடம் பணமில்லை, பயிர் காய்ந்தது. மீண்டும் சண்டை மூண்டு, இம்முறை காவல் நிலையம் வரை சென்றது. குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. கைகோக்க வைத்த நாம், அந்த மோட்டார் என்னவாயிற்று என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

அன்பர்களே, ஒவ்வொரு பங்கிலும் ஆயுதத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பவர் ஒருவராவது இருப்பார். சிறையிலிருந்து திரும்பிய இளைஞன், குடியை விட்டுவிட்ட குடும்பத் தலைவன், வழக்கை வாபஸ் வாங்கிய சகோதரன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும். அவனுக்கு நாளை வேலை கொடுக்கப் போவது யார்? அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு காணிக்கை போடும்போதும், போட்டது எங்கே, யார் கைக்கு, என்னவாகப் போய்ச் சேர்கிறது என்று விசாரிக்கும் பழக்கத்தை நாம் கற்றுக்கொள்வோம். விசாரிப்பதும் அன்பின் ஒரு பகுதியே.

சென்ற வாரம் அந்தத் தாயைக் கண்டு இவற்றையெல்லாம் கூறினோம். துப்பாக்கிக்காரர்களுக்குச் சோறு போட்டவர்கள் யார் என்று கேட்டுத் தலையசைத்தார். முந்திரி ஆலைகள் மூடிய கதையைச் சொன்னதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஆபீசைப் பூட்டின வருடம் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும் சாமி. அந்த அம்மாமாருக்கு மறுபடியும் வேலை கிடைத்ததா?" என்றார்.

சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இல்லை என்றோம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு பத்து மணி செபமாலையை அவர்களுக்காகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டார். அச்செபத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.